நற்செயல் சான்று எண் ஒன்று

நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் பெயர் கலப்பற்ற நற்செயல் சான்றளிப்பு மன்றம். கொடைக்கானலில் ஏரிக்குப் பின்னால் ஏறுகிற சாலையில், ஒரு பழைய பங்களாவின் முன்பாதியில் இருக்கிறது. பெயர்ப்பலகையில் இடம் போதாமல் 'மன்றம்' மட்டும் அடுத்த வரிக்கு இறங்கியிருக்கும். நான் அங்கே எழுத்தர், பெயர் டேனி. கூட்டக் குறிப்பு எழுதுவது, தொலைபேசி எடுப்பது, தேர்வு நடக்கும்போது ஸ்டாப்வாட்ச் பிடிப்பது எல்லாம் என் பொறுப்பு.

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க அதிகாரி இருக்கிறார், நல்ல காரியத்தில் சுயநலம் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒருவரும் இல்லையே என்று கவலைப்பட்டு எங்கள் தலைவர் முனைவர் சேனாதிபதி இதைத் தொடங்கினார். ஆறு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள் வந்தன. நானூற்றுப் பன்னிரண்டையும் நிராகரித்தோம். ஏரியில் விழுந்த சுற்றுலாப் பயணியைக் குதித்துக் காப்பாற்றிய படகுக்காரர் ஒருவர் வந்தார். விசாரித்ததில் அவர் குளித்து நாலு நாள் ஆகியிருந்தது தெரியவந்தது. பேத்துப்பாறையில் ஒரு பெண் தன் நாத்தனாருக்குச் சிறுநீரகம் கொடுத்திருந்தாள். கொடுத்த பிறகு நன்றாகத் தூங்கினாயா என்று கேட்டோம். தூங்கினேன் என்றாள். மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள் என்று அவள் பின்னால் சொன்னதைத் தலைவர் குறிப்பில் ஏற்க மறுத்துவிட்டார்.

"ஒரு நல்ல காரியம்கூட நம்ம கையத் தாண்டி வெளிய போகல டேனி, அதான் நம்ம ரெக்கார்ட்" என்பார் தலைவர். அவர் அதைச் சொல்லும்போது மன்றச் செயலாளர் ஆக்னல் கண்ணை மூடித் தலையாட்டுவார். நானும் ஆட்டுவேன்.

இதெல்லாம் எங்கள் அலமாரிக்குள் கிடந்தவரை யாருக்கும் கெடுதல் இல்லை. போன மே மாதத்தில்தான் வினை வந்தது. பெருமாள்மலையில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. சீசனுக்கு மலை ஏறுகிறவர்களுக்கு அங்கே போய்ப் பிறந்தநாள் கொண்டாடி, படம் பிடித்துப் போடுகிற பழக்கம் பிடித்துக்கொண்டது. ஒரே நாளில் ஐந்து பிறந்தநாள். முப்பத்தொரு முதியவர்களும் ஐந்து முறை கை தட்டி, ஐந்து துண்டு கேக் சாப்பிட்டார்கள். மறுநாள் பதினொரு பேருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. இல்லத்தின் நிர்வாகக் குழு பதறிப்போய் எங்கள் தலைவரிடம் யோசனை கேட்டது. யோசனை கேட்டால் அவர் சட்டமே எழுதிக் கொடுத்துவிடுவார்.

ஆதாயத்துக்காக வருகிறவர்கள் தங்கள் ஆதாயம் என்ன என்பதை ஆதாரத்தோடு எழுதிக்கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி முதல் மூன்றேகால் வரை கூடத்தில் கேமராவுடன் இருக்கலாம். தொண்டு செய்ய வருகிறவர்கள் ரத்த உறவாக இல்லாவிட்டால், எங்கள் மன்றத்தின் சான்றிதழ் இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. விதி அவ்வளவுதான். நாங்கள் இதுவரை ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்ததில்லை என்பது குழுவுக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தலைவர் பெருமையாகவே சொல்லியிருப்பார்.

அந்த வாசலில் முதலில் மாட்டிக்கொண்டவர் ஜலீல் பாய். பெருமாள்மலை முக்கில் பேக்கரி வைத்திருக்கிறார். தினமும் பதினொன்றரை மணிக்கு இல்லத்துக்கு ரொட்டியும் ரஸ்க்கும் கொண்டுபோய் இறக்குவார். மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஒரு தட்டுச் சோறு தொடாமல் சமையலறைக்குத் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறார். செல்லப்பாண்டி என்பவருடைய தட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்து, இந்த மலையில் கூலி வேலை பார்த்தவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. பக்கவாதம் வந்து வாயின் இடப்பக்கம் மூடாது. இல்லத்தில் ஊட்டிவிட இரண்டே பேர். ஆளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினாலே மத்தியானச் சோறு முடிய மூன்று மணி ஆகிவிடும். கரண்டியால் வேகமாகக் கொடுத்தால் செல்லப்பாண்டிக்குப் புரையேறும். இரண்டு முறை புரையேறினால் அன்றைக்கு வாயை மூடிக்கொள்வார்.

ஜலீல் பாய் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, வலது கன்னத்துக்குள் வைத்துவிட்டு, விழுங்கும்வரை காத்திருந்தார். ஒரு தட்டு முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. மறுநாளும் உட்கார்ந்தார். மூன்று வருடமாக அப்படித்தான் நடந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. அவர் மனைவி ஷம்ஷாத்துக்கே, அவருக்காகக் கொண்டுபோன ரசத் தூக்கு வேனில் உருண்டு கொட்டியபோதுதான் விஷயம் தெரிந்ததாம்.

விதி வந்த அன்று இல்லத்தின் பொறுப்பாளர் இசபெல்லா சிஸ்டர் வாசலிலேயே அவரை நிறுத்திவிட்டாள்.

"ரொட்டிய இங்கன வச்சிருங்க பாய். நீங்க உள்ள வரக் கூடாதாம். சர்டிபிகேட் வேணும்."

"எதுக்கு சிஸ்டர்?"

"ஒங்களுக்கு இதுல எந்த ஆதாயமும் இல்லைன்னு."

"அது ஒங்களுக்கே தெரியுமே."

"எனக்குத் தெரிஞ்சு என்ன பாய் செய்ய? மேல எழுதி வாங்கிட்டாங்க. வெரசா போய் வாங்கிட்டு வந்திருங்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கிடுறேன்."

ஒரு கையெழுத்து விஷயம் என்று நினைத்துக்கொண்டு, மாவுக் கையோடு அன்று மத்தியானமே எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். நான்தான் படிவத்தைக் கொடுத்தேன். பதினாறு பக்கம். அவர் கேட்டுக் கேட்டு நிரப்பினார். 'இச்செயலைச் செய்வதற்கான காரணம்' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"என்ன தம்பி எழுத?"

"ஏன் செய்றீங்களோ அத எழுதுங்க பாய்."

"சும்மாதான்" என்றார். அதையே எழுதினார்.

அந்தச் சும்மாவுக்காகத் தலைவர் தனிக் கூட்டம் கூட்டினார். ஒன்றரை மணி நேரம் விவாதித்தோம். கடைசியில், சும்மா என்பது ஒரு மனிதன் தன் ஆதாயத்தைத் தன்னிடமிருந்தே மறைத்து வைக்கும் இடம் என்று தீர்மானம் நிறைவேற்றி, ஜலீல் பாயை விசாரணைக்கு அழைத்தோம்.

"மிஸ்டர் ஜலீல், அவர் சாப்பிட்டு முடிச்சதும் ஒங்களுக்கு எப்படி இருக்கும்?"

"நல்லா இருக்கும் சார்."

"எழுதிக்கோ டேனி. ஒருநாள் போகலைன்னா?"

"ஒரு மாதிரி கெடக்கும் சார். சோறு எறங்காது."

"அதையும் எழுதிக்கோ. போனா சந்தோஷம், போகாட்டி கஷ்டம். சந்தோஷத்தச் சம்பாதிக்கவும் கஷ்டத்தத் தவிர்க்கவும் போறீங்க. நடுவுல அந்தக் கிழவர் யாரு? ஒரு கருவி. நான் சொல்றது புரியுதா?"

"புரியலைங்க சார்."

"சரி, மறுமையில இதுக்குக் கூலி கெடைக்கும்னு நம்புறீங்களா?"

"அல்லா கொடுப்பான்னு நம்பிக்கை இருக்குதுங்க. ஆனா சோறு பிசையிறப்ப அதெல்லாம் ஞாபகம் வராதுங்க. பருக்கை தொண்டையில நிக்குதான்னுதான் பாத்துக்கிட்டிருப்பேன்."

மறுமைக் கூலி வேண்டாம் என்று ஜமாஅத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிவரும்படி ஆக்னல் சொன்னார். ஜலீல் பாய் போய்க் கேட்டிருக்கிறார். பள்ளிவாசல் ஹஜ்ரத் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, உடம்புக்கு ஏதும் முடியலையா என்று விசாரித்து அனுப்பினாராம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஷம்ஷாத் நடைமுறை தெரிந்த பெண். "ஆதாயத்துக்குத்தான் போறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க, ஞாயித்துக்கிழமையாவது அந்த மனுசன் வயிறு நனையட்டும்" என்று சொல்லி அனுப்பினாள். வந்தார். ஆதாயப் பிரிவும் எங்களிடம்தான் இருந்தது. அதே மேசை, எதிர்ப்பக்க நாற்காலி. என்ன ஆதாயம் என்று ஆக்னல் கேட்டார். ஜலீல் பாய் விழித்தார். படம் எடுப்பீர்களா? இல்லை. பேக்கரிக்கு விளம்பரம்? இல்லை. தேர்தலில் நிற்கிற எண்ணம்? "ஐயோ, இல்லைங்க." ஆதாரமில்லாத ஆதாயத்தை ஏற்க முடியாது என்று அதையும் தள்ளிவிட்டோம். ஆதாயம் இருக்கிறது என்று ஒரு அறையிலும், ஆதாயம் இல்லை என்று அதே அறையிலும் ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்களை நானே தட்டச்சு செய்து கொடுத்தேன். எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

இதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. இசபெல்லா சிஸ்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் எங்களுக்குத் தொலைபேசியில் பேசினாள். செல்லப்பாண்டி கஞ்சி இரண்டு மடக்குக் குடிக்கிறார், மீதிக்கு வாயை மூடிக்கொள்கிறார், இடுப்பு வேட்டி நிற்க மாட்டேனென்கிறது என்றாள். தலைவர் மனம் இரங்கினார். கள ஆய்வுக்கு உத்தரவிட்டார்.

ஆக்னலும் நானும் போனோம். ஜலீல் பாய் எங்கள் முன்னிலையில் ஒருமுறை ஊட்ட அனுமதி. அவருடைய இடது கை விரலில் நாடி பார்க்கும் கருவியை மாட்டினோம். செயலின்போது மகிழ்ச்சி சுரக்கிறதா என்று எண்ணில் தெரிந்துவிடுமாம். செல்லப்பாண்டியை அன்றுதான் நான் முதல்முறை பார்த்தேன். கட்டிலில் ஒரு போர்வை மட்டும் கிடப்பதாக நினைத்தேன். அது அசைந்தது.

"பாய் வந்துட்டீங்களா?" என்றார். பிறகு தோட்டத்து அதிகாரிகளைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தார். "தொரமாரு யாரு? பேர் பதிய வந்திருக்கிறாங்களா?"

"சும்மா பாக்க வந்திருக்காங்க அய்யா. நீங்க வாயத் தொறங்க."

"அவங்களுக்குத் தேத்தண்ணி குடுத்தீங்களா?"

"குடிச்சிட்டுத்தான் வந்திருக்காங்க. தொறங்க."

முதல் உருண்டை உள்ளே போனது. செல்லப்பாண்டி மென்றுகொண்டே இருந்தார். ஜலீல் பாய் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடு ஏறி இறங்கியதும் அடுத்த உருண்டையை எடுத்தார். அவ்வளவு மெதுவான ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. அறையில் வேறு சத்தமே இல்லை. ஆறாவது உருண்டையில் ஆக்னல் பொறுமை இழந்து பயனாளியிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"பெரியவரே, இவர் ஊட்டுறதுனால ஒங்களுக்கு என்ன நன்மை?"

செல்லப்பாண்டி வாயில் இருந்ததை விழுங்கி முடித்தார். "பசி போவுதுங்க தொர" என்றார்.

ஆய்வறிக்கையை அன்று மாலையே கொடுத்தோம். ஊட்டத் தொடங்கும்போது விண்ணப்பதாரரின் நாடி தொண்ணூற்றாறு, முடிக்கும்போது எழுபத்திரண்டு. 'விண்ணப்பதாரர் அமைதியடைகிறார்' என்று ஆக்னல் சிவப்பு மையில் எழுதினார். பயனாளி ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டார் என்பதற்கு அறிக்கையில் இடம் இல்லை. நானும் அதை எழுதவில்லை.

இனி ஒரே வழிதான் இருந்தது. எங்கள் விதிகளில் அதிர்ச்சித் தேர்வு என்று ஒன்று உண்டு. விண்ணப்பதாரரை உட்காரவைத்து, பயனாளிக்கு ஆபத்து என்று ஒரு செய்தியைச் சொல்வோம். நாற்பது நிமிடம் அவர் பதறாமல் உட்கார்ந்திருந்தால், அவருக்கு அந்த ஆள்மேல் பற்று இல்லை, ஆகவே செய்த தொண்டில் சுயநலம் இல்லை என்று பொருள். ஜலீல் பாயிடம் இது எதையும் சொல்லாமல் அழைத்தோம். கைப்பேசியை வாங்கிப் பெட்டியில் வைத்தோம். தலைவர் வந்து, செல்லப்பாண்டி கட்டிலிலிருந்து விழுந்து மண்டை உடைந்துவிட்டதாகச் சொன்னார்.

நாற்காலி விழுந்த சத்தம்தான் கேட்டது. ஜலீல் பாய் வேன் கதவைத் திறக்கும்போது நான் ஓடிப்போய்ப் பிடித்து அழைத்து வந்தேன். பதினான்கு விநாடி. அவருக்கு மூச்சிரைத்தது. பொய்ச் செய்தி என்றதும் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க ஓடுனது அவருக்காக இல்ல ஜலீல்" என்றார் தலைவர். அன்பாகத்தான் சொன்னார். "அவர் போயிட்டா ஒங்களுக்கு வலிக்கும். அந்த வலி வரக் கூடாதுன்னு ஓடுனீங்க. சுயநலத்துலயே இதான் ரொம்ப வேகமானது. நான் முப்பது வருஷமா இதப் படிக்கிறேன். எனக்கு யார்மேலயும் பற்று கெடையாது. எங்க அம்மா போனப்பகூட கிளாஸ் எடுத்துட்டுத்தான் போனேன். அதனாலதான் இந்த நாற்காலியில நான் உக்காந்திருக்கேன்."

ஜலீல் பாய் தரையிலிருந்தே கேட்டார்: "அப்ப அவருக்கு ஊட்டணும்னா, அவரு செத்தாலும் எனக்கு ஒண்ணுமில்லைன்னு இருக்கணுமா சார்?"

"கரெக்ட்! இப்பத்தான் நீங்க பாயின்டுக்கு வர்றீங்க."

பதினைந்து நாள் கழித்து மறுதேர்வு என்று தேதி கொடுத்தோம்.

அந்தப் பதினைந்து நாளும் அவர் வீட்டில் பயிற்சி நடந்திருக்கிறது. ஷம்ஷாத் வெள்ளனே எழுந்து மாவு பிசைந்துகொண்டே, ஏதோ ஒரு நேரத்தில் திடீரென்று, "என்னங்க, செல்லப்பாண்டி அய்யா போயிட்டாராம்" என்பாளாம். முதல் நாள் இவர் கையிலிருந்த ரொட்டித் தட்டைக் கீழே போட்டுவிட்டார். பொய் என்று தெரிந்திருந்தும் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் எழுந்து நின்றார். ஐந்தாம் நாள் உட்கார்ந்தபடியே அழுதார். "எட்டாவது நாளு அவ சொல்றப்ப என்னால டீ குடிக்க முடிஞ்சதுங்க தம்பி" என்று மறுதேர்வுக்கு வந்த அன்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது அதில் பெருமை இல்லை, வெட்கம்தான் இருந்தது. ஷம்ஷாத்தோ பத்தாம் நாளுக்கு மேல் அந்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டேன் என்று மாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாளாம். அதன்பிறகு இவரே கண்ணாடியைப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிப் பழகியிருக்கிறார்.

மறுதேர்வு ஒரு வியாழக்கிழமை காலை. பத்தேமுக்காலுக்கே வந்துவிட்டார். சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார். வேனில் ரசத் தூக்கும் சோறும் இருந்தன. தேறிவிட்டால் நேராக இல்லத்துக்குப் போய் மத்தியானச் சாப்பாட்டைப் பிடித்துவிடலாம் என்றார். தேர்வுக்கான பொய்ச் செய்தியை ஆக்னல் உறையில் ஒட்டித் தயாராக வைத்திருந்தார். கைப்பேசியைப் பெட்டியில் வைத்தோம். ஜலீல் பாய் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பதினொன்று ஐந்துக்கு என் மேசைத் தொலைபேசி அடித்தது. இசபெல்லா சிஸ்டர்.

"டேனி, பாய் போன எடுக்க மாட்டேங்கிறாரு. அங்கதான இருக்காரு? அய்யாவுக்கு மூச்சு இழுக்குது. டாக்டர் வந்து பாத்துட்டு, இனி ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. அவரு பாயத்தான் தேடுறாரு டேனி. வாயத் தொறந்து வச்சிக்கிட்டே இருக்காரு, பாய் வந்து ஊட்டுவாருன்னு. நான் குடுத்தா மூடிக்கிறாரு. சர்டிபிகேட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஒடனே அனுப்பி விடு. என் வேல போனாப் போகுது, நான் கேட்டத் தொறந்து வச்சிருக்கேன்."

நான் பதில் சொல்வதற்குள் அவள் வைத்துவிட்டாள். ஒரு சீட்டில் விஷயத்தை எழுதி, தலைவர் அறைக்குக் கொண்டுபோனேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"நிஜமா?"

"நிஜம்தான் சார். சிஸ்டரே பேசுனாங்க."

தலைவர் முகம் மலர்ந்தது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. "ஆக்னல், அந்தக் கவரப் பிரிக்காதீங்க. இதவிட நல்ல கேள்வி நமக்குக் கெடைக்காது. பொய் சொல்லித் தேர்வு வச்சாங்கன்னு நாளைக்கு யாரும் நம்மள ஒரு வார்த்த சொல்ல முடியாது பாருங்க."

"சார், அவரு கேக்குறாராம்..." என்றேன்.

"வாட்ச எடு டேனி."

எடுத்தேன்.

தலைவர் ஜலீல் பாய் முன் போய் நின்று, சீட்டில் இருந்ததை அப்படியே சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வாயைத் திறந்து வைத்திருக்கிறார் என்பதையும் சொன்னார். ஜலீல் பாயின் கை நாற்காலிப் பிடியை ஒருமுறை இறுக்கியது. பிறகு விட்டது. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கேள்வி கேட்கிற பார்வை. இது போன தடவை மாதிரிதானே என்று கேட்கிற பார்வை.

நான் தலையைக் குனிந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. தலைவர் பக்கத்தில் நின்றார். அவ்வளவுதான். நான் குனிந்ததைப் பார்த்ததும், இதுவும் பொய்தான் என்று ஜலீல் பாய்க்குத் தைரியம் வந்துவிட்டது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

விதிப்படி அவருக்கு டீ கொடுத்தோம். குடித்தார். இந்த வருடம் மழை தப்பிவிட்டது, பூண்டு விளைச்சல் சரியில்லை என்று ஆக்னலிடம் பேசினார். தலைவர் பேத்துப்பாறைப் பக்கம் யானை இறங்கியதைப் பற்றிக் கேட்டார். அதற்கும் பதில் சொன்னார். பதினெட்டாவது நிமிடத்தில் தொலைபேசி மறுபடி அடித்தது. அடிக்கட்டும் என்று தலைவர் சைகை காட்டினார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பதினாறு முறை அடித்து நின்றது. ஜலீல் பாய் அந்தச் சத்தம் முடியும்வரை டீ கிளாஸை உதட்டில் வைத்தபடியே இருந்தார். அவரும் எண்ணினார் என்று நினைக்கிறேன்.

நாற்பதாவது நிமிடம் நான் பொத்தானை அழுத்தினேன். தலைவர் எழுந்து நின்று கை தட்டினார்.

மன்ற வரலாற்றில் முதல் சான்றிதழ் என்பதால் பேசாமல் கொடுக்க முடியாது. "ஆறு ஆண்டுகளாக நாம் தேடிய மனிதர் இவர்" என்று தலைவர் தொடங்கினார். "ஓர் உயிர் பிரியும் செய்தி கேட்டும் இவர் தேநீர் அருந்தினார். மழையைப் பற்றிப் பேசினார். உண்மையான அன்பு இப்படித்தான் இருக்க முடியும். இவரைப்போல் எல்லோரும் ஆகிவிட்டால் இந்த மலையில் கண்ணீர் என்பதே இருக்காது." ஜலீல் பாய் நடுவில், "சார், வெரசா விட்டீங்கன்னா மத்தியானச் சோத்துக்குப் போயிருவேன்" என்றார். சால்வை போர்த்தினோம். படம் எடுத்தோம். சரியாக விழவில்லை என்று இன்னொன்று எடுத்தோம். 'இவர் செயலில் பற்றோ, மகிழ்ச்சியோ, வருத்தமோ, எதிர்பார்ப்போ கலக்கவில்லை என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது.' எண் ஒன்று என்று நான்தான் எழுதினேன். அவர் அதைச் சுருட்டிக்கொண்டு, எங்கள் மூவருக்கும் சலாம் சொல்லிவிட்டு, கிட்டத்தட்ட ஓடினார். சால்வையைக் கழற்றக்கூட மறந்திருந்தார்.

மீதியை இசபெல்லா சிஸ்டர்தான் சொன்னாள். ஒரு கையில் ரசத் தூக்கும் மறுகையில் சான்றிதழுமாக வந்து, சிரித்துக்கொண்டே அதை வாசலில் நீட்டினாராம். அவள் வாங்கவில்லை. "ரெண்டு தடவ போன் பண்ணுனேனே பாய்" என்றாளாம். அவருக்கு உடனே விளங்கவில்லை. "அது பரீட்ச சிஸ்டர், சும்மா சொல்லுவாங்க" என்று அவளுக்கே எடுத்துச் சொல்லியிருக்கிறார். சொல்லிக்கொண்டே உள்ளே போனார். செல்லப்பாண்டியின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். கட்டாவிட்டால் வாய் மூடவில்லை.

எத்தனை மணிக்கு என்று கேட்டாராம். பதினொன்று இருபத்தெட்டு என்றாள்.  அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவர் யோசித்திருப்பார். அப்போது அவர் உதட்டில் டீ கிளாஸ் இருந்தது.

மறுநாள் பெருமாள்மலை மயானத்தில் அடக்கம். ஜலீல் பாயும் ஷம்ஷாத்தும், பேக்கரி ஆட்கள் நாலு பேரும், சிஸ்டரும் இருந்தார்கள். மன்றத்தின் சார்பில் பெரிய மாலை ஒன்று அனுப்பினார் தலைவர். அதைத் தூக்கிக்கொண்டு நான் போயிருந்தேன். நாடாவில் மன்றத்தின் பெயர் முழுதாக அச்சாகியிருந்தது. சிஸ்டர் என்னை முறைத்துப் பார்த்தாள், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எல்லாம் முடிந்து குழாயடியில் கை கால் கழுவும்போது ஜலீல் பாய் பக்கத்தில் வந்து நின்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"பாய், அந்தப் போன எடுத்தது நான்தான். நிஜம்னு எனக்குத் தெரியும். நீங்க பாத்தப்ப நான் சொல்லியிருக்கணும்."

அவர் குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தெரியும் தம்பி. டேனிதான் எடுத்தாருன்னு சிஸ்டர் சொல்லுச்சு. லைன் சரியில்லாம ஒண்ணும் வெளங்கலையாம்னு நான் சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் யாரு கேட்டாலும் அப்படியே சொல்லிக்கிடுங்க. மாத்திக் கீத்திச் சொல்லிறாதீங்க."

"ஏன் பாய்?"

"சின்ன ஊரு. நாளப்பின்ன நீங்க இங்கனதான நடமாடணும்."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.  அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைக்க எனக்கு ஆசைதான். ஆனால் பேசி முடிக்கும்வரை அவர் ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. இனிமேலும் பார்ப்பார் என்று தோன்றவில்லை. ஷம்ஷாத் வேனில் காத்திருந்தாள். அவர் போய் ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

ஆறு வருடமாகச் செய்கிற வேலை, பழக்கம் விடுமா? இதில் அவருக்கு என்ன கிடைத்தது என்று தேடினேன். நான் அவருக்கு உறவில்லை, வேண்டியவனில்லை. அவர் இப்படிச் செய்தது எனக்கும் அவருக்கும் தவிர யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. மனதுக்கு ஒரு நிம்மதியாவது கிடைத்திருக்க வேண்டுமே என்று, வேன் கண்ணாடி வழியாக அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன்.

இல்லை. அதுவும் இல்லை.